மருத்துவரின் ஒழுங்கும் நோயாளியின் பொழுதும்

மருத்துவத்தை ஒரு தனி மனிதனின் திறமையாகவே காண்பது உலக வழக்கு. ‘கைராசிக்காரர்’ என்று ஒரு மருத்துவரை மக்கள் புகழும்போது அவருடைய அறிவும் கையும் மட்டுமே அவர்கள் கண்ணுக்குப் புலனாகின்றன. அவருடைய மருந்தகத்தில் பெயர் பதியும் பெண்ணும், மாத்திரைகளை எண்ணி உறையிலிடும் உதவியாளரும், சென்ற மாதம் வந்துபோன நோயாளியைப் பற்றிய குறிப்பட்டையும், காத்திருப்போர் அமரும் வாங்கும் அந்தப் புகழில் இடம்பெறுவதில்லை.

வள்ளுவப் பெருந்தகை இவ்வாறு கருதவில்லை. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து மருந்தை இயற்றிக் கொடுப்பவனையும் நான்காவது கூறாக வைத்து எண்ணுகிறார். மருத்துவன் எத்துணை அறிவுடையவனாயினும், மருந்து எத்துணை ஆற்றலுடையதாயினும், அம்மருந்து உரிய நேரத்தில், உரிய அளவில், உரியவனிடம் சென்று சேராவிடில் மருத்துவம் நிறைவு பெறாது என்பது இவ்வகுப்பின் உட்பொருள். இன்று ‘நிருவாகம்’ என்ற சொல்லால் குறிக்கப்படுவது பெரும்பாலும் இந்த நான்காவது கூறே.

அவ்வாறாயின் ஒரு வினா எழுகிறது. மருத்துவர் ஒருவர் தம் மருந்தகத்தைச் செம்மையாக நடத்துவது வருவாயைப் பெருக்கும் வணிகத் திறமை மட்டும்தானா? அல்லது நோயைத் தீர்ப்பது போலவே அதுவும் நோயாளிக்கு அவர் செலுத்த வேண்டிய அறக்கடனா? இவ்வினாவை நெகிரி செம்பிலான் மாநிலத்து மந்தின் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகப் புலப்படும்.

காஜாங், செமினி, பெரானாங் வழியாகச் சிரம்பானை நோக்கிச் செல்லும் பழைய சாலையில் மந்தின் அமைந்திருக்கிறது. ஈயச் சுரங்கங்களை நாடி வந்த ஹக்கா சீனர்களும், கம்போங்களில் வாழ்ந்த மலாய்க்காரர்களும், சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள்கட்டப்பட்டு வந்த தமிழர்களும் அந்தச் சிற்றூரின் கடைத்தெருவில் ஒன்றுகூடினர். இருள் பிரியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, வெயில் ஏறுமுன் மரம் சீவி, நண்பகலுக்குள் பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்தவர்களுக்கு நோய் என்பது உடலின் துன்பம் மட்டுமன்று. அது ஒரு நாட்கூலியின் இழப்புமாகும்.

தோட்ட மருத்துவமனையின் பாடம்

மலாயாவின் தோட்டங்களில் மருத்துவம் நுழைந்த வரலாறு துன்பமும் நன்மையும் கலந்தது. காடழித்து ரப்பர் நட்ட தொடக்க ஆண்டுகளில் மலேரியா தோட்டத் தொழிலாளரைக் கொள்ளை கொண்டது. மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் 1901ஆம் ஆண்டில் கிள்ளான் பட்டணத்தில் சதுப்பு நிலங்களின் நீரை வடித்து, கொசுவை ஒழிப்பதன் மூலம் மலேரியாவைக் கட்டுப்படுத்தலாம் என்று செயலில் காட்டினார். அவர் நோயாளிக்குக் கொயினா கொடுத்ததோடு நில்லாமல் வாய்க்கால் வெட்டினார் என்பது நினைக்கத்தக்கது. வாய்க்கால் வெட்டுவதும், அது தூர்ந்து போகாமல் வாரந்தோறும் பார்த்துக்கொள்வதும் நிருவாகமே. அந்த நிருவாகம் எத்தனையோ மருந்துக் குப்பிகள் செய்ய இயலாததைச் செய்தது.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் காலத்தில், தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட முதலாளியின் பொறுப்பு என்ற கொள்கை சட்டத்தில் வேரூன்றியது. பெரிய தோட்டங்கள் தமக்கென மருத்துவமனை அமைத்தன. சிறிய தோட்டங்கள் பல சேர்ந்து ஒன்றை நடத்தின. வருகை மருத்துவர் குறித்த நாள்களில் வந்து பார்த்துச் சென்றார். ஏனைய நாள்களில் எல்லாப் பொறுப்பும் ‘டிரஸ்ஸர்’ என்று மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளரின் தோளில் விழுந்தது. 1965ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டமை, அப்பணியின் இன்றியமையாமையை நாடு ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகும்.

டிரஸ்ஸரின் பணியைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியன்று. நள்ளிரவில் கைவிளக்கோடு லயத்திற்கு நடந்து சென்று பிள்ளைப் பேற்றுக்கு உதவியவர்களும், பாம்புக் கடிக்கு முதலுதவி செய்து லாரியில் ஏற்றிப் பட்டணத்து மருத்துவமனையில் சேர்த்தவர்களும் அவர்களுள் பலர். எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு இழுப்பு, எந்த முதியவருக்கு நெஞ்சுவலி என்பது அவருக்கு மனப்பாடம். இன்றைய மருந்தகங்கள் கணினியில் தேடும் செய்தியை அவர் நெஞ்சில் வைத்திருந்தார்.

ஆயினும் அந்த ஏற்பாட்டின் அடியில் ஒரு முரண்பாடு இருந்தது. டிரஸ்ஸருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். காலையில் அவர் முன் நின்ற தொழிலாளியிடம் கேட்கப்பட்டவை இரண்டு கேள்விகள்: ‘உனக்கு என்ன நோய்?’ என்பது ஒன்று. ‘நீ வேலைக்குப் போக முடியுமா?’ என்பது மற்றொன்று. முதற்கேள்வி நோயாளியின் நலத்தைக் கருதியது. இரண்டாவது கேள்வி தோட்டத்தின் கணக்கைக் கருதியது. இரண்டையும் ஒரே மனிதர், ஒரே மூச்சில் கேட்க நேர்ந்தபோது இரண்டாவது கேள்வியே மேலோங்குவது இயல்பு. சுவர் வெள்ளையடிக்கப்பட்டிருந்தது, பதிவேடு பிழையின்றி எழுதப்பட்டது, மருந்துப் புட்டிகள் வரிசை மாறாமல் நின்றன. ஒழுங்குக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஒழுங்கு பிரட்டுக் களத்தின் கடிகாரத்தைப் பார்த்தே இயங்கியது.

தோட்ட மருத்துவமனை கற்பிக்கும் பாடம் இதுவே. நல்ல நிருவாகம் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது. ஒவ்வொரு நிருவாகமும் எவருடைய பொழுதையோ காப்பாற்றுகிறது. எவருடைய பொழுதையோ செலவிடுகிறது. காப்பாற்றப்படுவது எவருடைய பொழுது என்று கேட்ட பிறகே அந்த நிருவாகம் அறமுடையதா என்று தீர்மானிக்க இயலும்.

கடைத்தெரு மருந்தகத்தில்

காலம் மாறியது. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனையும் ரப்பரும் நின்ற இடங்கள் பலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. 1950ஆம் ஆண்டுகளில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் பல்லாயிரவரை லயங்களிலிருந்து வெளியேற்றியது. பின்னர் வந்த நகர வளர்ச்சி அதனைத் தொடர்ந்தது. தோட்டம் மறைந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியும் மறைந்தது. மலிவு விலை வீடுகளில் குடியேறிய மக்கள், ஒரு ரிங்கிட் கட்டணத்தில் குடிமக்களைக் கவனிக்கும் அரசாங்க மருந்தகத்தையும், கடைவீடுகளின் கீழ்த்தளத்தில் நடைபெறும் தனியார் மருந்தகங்களையும் நாடத் தொடங்கினர்.

இங்கே ஓர் உண்மையை ஆழ்ந்து நோக்க வேண்டும். மருந்தகத்திற்குச் செல்பவர் பணத்தால் மட்டும் கட்டணம் செலுத்துவதில்லை, பொழுதாலும் செலுத்துகிறார். பணக் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கலாம். பொழுதின் விலை எல்லாருக்கும் ஒன்றன்று. மாதச் சம்பளம் பெறும் அலுவலர் மருந்தகத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் அவருக்கு நேர்வது சலிப்பு. மரம் சீவும் பெண் ஒருத்தி காலையில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் அன்றைய பால் போயிற்று. அன்றைய கூலியும் போயிற்று. மழைக்காலத்தில் ஏற்கெனவே வேலை நாள்கள் குறைந்திருப்பின் அந்த இழப்பு அடுப்படி வரை வந்து சேரும். ஆகவே, இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறோம் என்று மருந்தகம் பெருமை கொள்ளலாம். ஆயினும் அவர்களிடம் அது பெறும் விலை ஒன்றாகாது.

நீரிழிவு நோயுள்ள மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மகனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். நெடுநேரம் காத்திருக்கிறார். அவருடைய பழைய அட்டை கிடைக்கவில்லை என்கிறார்கள். முறை வந்தபின், ஒரு மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வரவேண்டும் என்கிறார்கள். அடுத்த வாரம் மகனுக்கு விடுப்பு இல்லை. அதற்கடுத்த வாரம் காலில் வலி இல்லாததால் தேவையில்லை என்று அவரே முடிவு செய்கிறார். நீரிழிவு நரம்பின் உணர்ச்சியை அழிப்பதால் வலி தோன்றாமலே புண் வளரும் என்பதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. பல மாதங்களுக்குப் பின் பெரிய மருத்துவமனையில் அவருடைய கால்விரல் அகற்றப்படுகிறது.

இந்நிகழ்வில் குற்றவாளி யார்? மருத்துவர் தவறான மருந்து எழுதவில்லை. உதவியாளர் கடுஞ்சொல் கூறவில்லை. மருந்து வழங்கிய நிறுவனம் ஏமாற்றவில்லை. ஒருவரும் தீங்கு எண்ணவில்லை. ஆயினும் தீங்கு நிகழ்ந்துவிட்டது. வைத்த இடம் தெரியாத அட்டை, இருப்பு எண்ணப்படாத அலமாரி, வராதவரைத் தேடாத நாட்குறிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு விரலைக் கொண்டுபோயின. தீய எண்ணத்தால் விளையும் தீங்கை மட்டுமே அறத்தின் எல்லைக்குள் வைப்பவர்கள் இதனை விதி என்று சொல்லித் தப்பிக்கலாம். கவனக் குறைவால் விளையும் தீங்கும் அறப்பிழையே என்று கருதுவோர் அவ்வாறு தப்பிக்க இயலாது.

இருவர் காட்டிய வழி

ஒழுங்கின் அறத்தை உணர்ந்து செயற்பட்டவர்கள் உலகில் இல்லாமலில்லை. கிரிமியப் போரின்போது 1854ஆம் ஆண்டில் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற புளோரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய மங்கையாகவே பள்ளி நூல்கள் காட்டுகின்றன. துணி வெளுப்பு, சமையல், கழிவுநீர், கணக்கேடு ஆகியவற்றில் அவர் செலுத்திய கவனம் அந்த விளக்கொளியில் மறைந்துவிடுகிறது. செவிலியர் பணி குறித்து 1859ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் சின்னஞ்சிறு நிருவாகம் பற்றி ஓர் இயலையே ஒதுக்கினார். ஒருவர் அருகிலிருக்கும்போது செய்யும் நன்மை, அவர் அருகில் இல்லாதபோதும் நடைபெறுமாறு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே அவ்வியலின் சாரம். நல்ல டிரஸ்ஸர் மாற்றலாகிச் சென்றதும் பல தோட்டங்கள் ஏன் திகைத்து நின்றன என்பதற்கு இதில் விடை உண்டு. அவருடைய நெஞ்சில் இருந்தது ஏட்டில் இல்லை. கருணை அவரோடு வந்தது, அவரோடே போயிற்று.

மற்றொருவர் தமிழ் மண்ணைச் சேர்ந்தவர். மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டவர். கண்புரையால் பார்வை இழந்து, பணமின்மையால் இருளிலேயே வாழ்ந்த ஏழை மக்களின் தொகை அவரை உறங்கவிடவில்லை. தம் கைகள் இரண்டு மட்டுமே என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே ஒழுங்கைத் துணைக்கு அழைத்தார்.

அறுவை மருத்துவர் ஒரு நோயாளியை முடிப்பதற்குள் அடுத்த நோயாளி பக்கத்து மேசையில் ஆயத்தமாக இருப்பார். கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று, மருத்துவர் அல்லாதவர் செய்யத்தக்க பணிகளையெல்லாம் திறம்படச் செய்தனர். பணம் செலுத்த வல்லவர்கள் செலுத்திய கட்டணம், செலுத்த இயலாதவர்களுக்கும் சிகிச்சையளிக்கத் துணை நின்றது. ஏழைகளைத் தேடிக் கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்தினர். கண்ணுள் பொருத்தும் வில்லை வெளிநாட்டிலிருந்து வந்து எட்டா விலையில் இருந்தபோது, 1992ஆம் ஆண்டில் ஆரோலேப் என்னும் கூடத்தை நிறுவி அதனை மதுரையிலேயே செய்தனர். 11 படுக்கைகளில் தொடங்கிய பணி, உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ அமைப்புகளுள் ஒன்றாக வளர்ந்தது.

தோட்ட மருத்துவமனையிலும் மதுரையிலும் இருந்தது ஒழுங்கே. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு எங்கே? மதுரையில் மருத்துவரின் ஒரு நிமிடம் சேமிக்கப்பட்டால் அது முகாமில் காத்திருக்கும் மற்றொரு குருடரின் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்தில் சேமிக்கப்பட்ட நிமிடம் ரப்பராகி ஏற்றுமதியாயிற்று.

சான்றுத் தாளின் சோதனை

இரண்டு கேள்விகளின் முரண்பாடு தோட்டத்தோடு முடிந்துவிடவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், பணியாற்றிய கால அளவுக்கு ஏற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்புப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்கு வழங்குகிறது. அவ்வுரிமையைப் பெற, பொதுவாக முதலாளி அமர்த்திய மருத்துவரிடம் முதலாளியின் செலவில் பரிசோதிக்கப்பட வேண்டும். இவ்வாறு தொழிற்சாலையும் நிறுவனமும் அமர்த்திய மருந்தகத்தில், ‘எம்.சி.’ என்று மக்கள் கூறும் அந்தச் சிறு தாள் பெரும் சோதனையாகிறது. விடுப்பை எளிதாகக் கொடுத்தால் நிறுவனம் வேறு மருந்தகத்தை நாடலாம். கொடுக்க மறுத்தால் காய்ச்சலோடு ஒருவன் இயந்திரத்தின் முன் நிற்க நேரிடும். பொய்யாக நோய் கூறி வருவோரும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

மருத்துவரின் தனிப்பட்ட மனஉறுதியை மட்டும் நம்பி இச்சோதனையை வெல்ல முடியாது. மருந்தகத்தின் முறை அவருக்குத் துணை நிற்க வேண்டும். பரிசோதனையில் கண்டதை எழுதிய பிறகே விடுப்பைப் பற்றி முடிவு செய்வது, அந்த முடிவில் நிறுவனத்தின் பெயர் குறுக்கிடாதிருப்பது, நோயின் விவரம் நோயாளியின் இசைவின்றி முதலாளியின் செவிக்கு எட்டாதிருப்பது, வந்த காரணத்தைப் பலர் கேட்கும்படி முகப்பில் உரக்கக் கேளாதிருப்பது ஆகியவை சிறிய விதிகளே. எனினும் மனம் தளரும் வேளையில் மருத்துவரைத் தாங்கிப் பிடிப்பவை இத்தகைய சிறிய விதிகளே ஆகும்.

மறுப்பும் விடையும்

இக்கருத்துக்கு மறுப்புரைப்போர் உண்டு. மருத்துவம் மனிதத் தொடர்பு. அதனைத் தொழிற்சாலை போல் நடத்தினால் நோயாளி எண்ணாகிவிடுவார் என்பர் சிலர். இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடி பிடிக்கும் மருத்துவரிடம் எந்த மூதாட்டியும் மனம் திறந்து பேசமாட்டார். ஆனால் அட்டையைத் தேடுவதிலும், தீர்ந்துபோன மருந்துக்கு மாற்று எண்ணுவதிலும், முன்பே கேட்டதை மீண்டும் கேட்பதிலும் வீணாகும் பொழுது எங்கிருந்து வருகிறது? அது நோயாளியோடு பேச வேண்டிய பொழுதிலிருந்தே பறிக்கப்படுகிறது. ஒழுங்கு அந்தப் பொழுதை மீட்டுத் தருகிறது. மீட்ட பொழுதைப் பேசுவதற்குச் செலவிடுவதா, மற்றொரு கட்டணத்திற்குச் செலவிடுவதா என்பதை மருத்துவரின் மனச்சான்றே தீர்மானிக்கிறது.

வேறு சிலர், சிற்றூரில் தனியொருவராய் மருந்தகம் நடத்தும் மருத்துவரின் சுமையைச் சுட்டுவர். வாடகை, ஊழியர் சம்பளம், மருந்துக் கொள்முதல், நிறுவனங்களிடமிருந்து தாமதமாக வரும் பணம் ஆகியவற்றுக்கிடையே அவர் தத்தளிக்கிறார் என்பது உண்மை. மருத்துவக் கல்லூரி அவருக்கு உடற்கூற்றைக் கற்பித்தது, கணக்கேட்டைக் கற்பிக்கவில்லை. இதுவும் ஏற்கத்தக்கதே. ஆயினும் மிகுந்த பயன் தரும் திருத்தங்கள் பலவற்றுக்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. தொடர்ந்து மருந்து பெறுவோருக்குக் குறித்த நாளும் நேரமும் கொடுப்பது, மரம் சீவுவோரும் முறைவேலை செய்வோரும் வரத்தக்க பிற்பகல், மாலை வேளைகளை ஒதுக்குவது, மருந்து தீருமுன் இருப்பை எண்ணுவது, வரவேண்டியவர் வராவிடில் அழைத்து விசாரிப்பது, மாத்திரை உறையில் எழுதியதை நோயாளி அறிந்த மொழியில் வாய்விட்டுச் சொல்வது ஆகியவற்றுக்கு வேண்டுவன ஒரு நோட்டுப் புத்தகமும் தொலைபேசியும் தளராத கவனமுமே.

சட்டமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. 1998ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ வசதிகள், சேவைகள் சட்டம் 2006ஆம் ஆண்டு மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது தனியார் மருந்தகங்கள் பதிவு பெறவும், நோயாளியின் குறைகளைக் கேட்க முறை வகுக்கவும் கடமைப்பட்டன. 2025ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து தனியார் மருந்தகங்களும் மருந்துக் கடைகளும் மருந்தின் விலையைக் காட்ட வேண்டும் என்ற ஆணையும் நடைமுறைக்கு வந்தது. அது மருத்துவர்களிடையே எதிர்ப்பையும் எழுப்பியது. விலையை அறிந்த பின் வாங்குவதா என்று முடிவு செய்யும் உரிமை ஏழைக்கு மதிப்பளிப்பது. எனினும் சட்டம் தரையைக் காட்டுமே அன்றிக் கூரையைக் கட்டித் தராது. விலைப் பட்டியலைச் சுவரில் மாட்டலாம். அதைப் படிக்க இயலாத முதியவருக்குப் படித்துக் காட்டுவது சட்டத்தின் கையில் இல்லை.

அளவுகோல்

தமிழ் வீடுகளில் பிள்ளையை மருத்துவராக்க வேண்டும் என்னும் கனவு ஆழமானது. தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள் சிலர் அக்கனவை நனவாக்கியும் இருக்கின்றனர். தங்கள் பெற்றோர் டிரஸ்ஸரின் முன் எவ்வாறு நின்றனர் என்பதை அவர்கள் அறிவர். அந்த நினைவு, நோயாளியின் பொழுதை மதிக்க அவர்களுக்கு வேறு எவரையும்விட நன்கு கற்பிக்கக் கூடும். மறந்துவிட்டால், மேசைக்கு அப்பால் இருந்தவர் இப்பால் வந்தமர்ந்ததைத் தவிர வேறு மாற்றம் எதுவும் நிகழ்ந்ததாகாது.

ஆகவே முதலில் எழுந்த வினாவுக்கு விடை இதுவாகும். மருந்தகத்தைச் செம்மையாக நடத்துவது மருத்துவ அறத்தின் ஒரு கூறு. அதன் செம்மையை அளக்கும் கோல் வருவாய் ஏடு அன்று. வரிசையின் நீளமும் அன்று. அங்கு வருவோருள் எவருடைய ஒரு நாள் மிக எளிதில் பறிபோகக் கூடியதோ, அவருடைய நாள் எவ்வளவு காக்கப்பட்டது என்பதே அந்தக் கோல். காலையில் மரம் சீவிவிட்டு, கைகளில் பால் வாடை மாறாமல் பிற்பகலில் வந்த பெண், தன் குறிப்பட்டை மேசைமேல் ஆயத்தமாக இருக்கக் கண்டு, மருந்தும் விளக்கமும் பெற்று, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன் வீடு போய்ச் சேர்வாளாயின், அந்த மருந்தகத்தில் வள்ளுவர் எண்ணிய நான்கு கூறுகளும் நிறைவுற்றிருக்கின்றன எனலாம்.